முப்பத்தொண்ணாம் நம்பர் உண்டிவில்

அந்தப் போன கொஞ்சம் கவுத்தி வெச்சுக்கிறீகளா சார்? தப்பா எடுத்துக்காதீக. கேமரா என்னயப் பாத்தாப்லயே இருந்துச்சு, அதான்.

தேனியில பஸ்ஸு ஏறுனதுல இருந்து பாக்குறேன், ஒரு வார்த்தை பேசல நீங்க. பேசாத ஆளுன்னா எனக்கு ஒரு பயம். பேசுற ஆளுன்னாலும் பயம்தான், அது வேற. மதுரைக்குத்தான? என்ன வேலைல இருக்கீக? பாரஸ்ட்டு ஆபீசு இல்லல்ல? இன்சூரன்சா. சரி, சரி. அப்பச் சொல்லலாம்.

நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கில்ல, என் மச்சினனுக்கு. பொண்டாட்டியோட தம்பி, பவுன்ராசுன்னு பேரு. தேவாரத்துல இருந்து மலைக்கு ஏலக்காத் தோட்டத்து ஆளுகள ஏத்திட்டுப் போற ஜீப்பு டிரைவரு. வலது கண்ணுல அடி. இன்னைக்கிக் கட்டுப் பிரிச்சுப் பாத்துத்தான் சொல்லுவாகளாம். நேத்து மருந்து போட்டு விடையில லைட்டு அடிச்சா வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுச்சுன்னான். வெளிச்சம் தெரிஞ்சு என்ன சார் செய்ய? அந்த மலைப் பாதையில பதினாலு ஆள ஏத்திக்கிட்டு ஒத்தக் கண்ண வெச்சு ஓட்ட முடியுமா? அவன் பொழப்பே அந்த ஸ்டியரிங்குதான்.

எல்லாம் ஒரு கம்பெனி செஞ்ச வேலை. கம்பெனின்னா பெருசா நெனைக்காதீக. கோயம்புத்தூர்ல ஒரு லேத்துப் பட்டறை. புருசன், பொண்டாட்டி, ரெண்டு மிசினு. அம்புட்டுத்தான் கம்பெனி. 'வல்லூறு'ன்னு பேரு வெச்சு உண்டிவில்லு செஞ்சு விக்கிறாக. ஆமா சார், உண்டிவில்லுதான். ஆனா கொய்யாக் கொம்புல வெட்டுறது இல்ல. எவர்சில்வர் கவை. ரப்பர நூலு சுத்திக் கட்டுறதுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் கிளிப்பு. ரப்பரு தேஞ்சா கிளிப்பத் தெறந்து புதுசு மாட்டிக்கிறலாம். பவுன்ராசுதான் போன்ல வீடியோவக் காமிச்சான். அந்தப் புருசங்காரன் பேசுறாப்ல, "இது குறி பாத்துப் பழகுறவங்களுக்குங்க"ன்னு. வேட்டைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. பாத்தீகளா? சொல்லாம விடுறதுலயே எம்புட்டு இருக்கு.

வேட்டைக்கா வாங்குனன்னு கேக்குறீகளா? நீங்க கேக்கல, மூஞ்சி கேக்குது. எங்க ஊர்ல வேட்டையே கெடையாது சார். மொச்சைக் காட்டுல மயிலு எறங்குது, வெரட்டணும். கௌதாரியெல்லாம் என்னான்னே எனக்கு மறந்துபோச்சு. நெஞ்சுக்கறி மட்டும் லேசா வெறப்பா இருக்குமாம், நல்லெண்ணெய் ஊத்திச் சின்ன வெங்காயத்த நெறையாப் போட்டு மூடி வெச்சா வெந்துருமாம். அப்படிச் சொல்லுவாக. நான் கேள்விப்பட்டது.

ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்க ஊர்ல ஒருத்தன் கையில ரெண்டு பறவையத் தூக்கிப் புடிச்சுப் போட்டோ எடுத்து வாட்சப்புல போட்டான். மறுநாள் அவன் காப்பி குடிக்கிறதுக்குள்ள பாரஸ்ட்டு ஜீப்பு வந்து நின்னுருச்சு. அன்னையில இருந்து ஊரே உசாரு. யாரும் எதையும் தன் பேர்ல வாங்குறது இல்ல. டார்ச் லைட்டுன்னாக்கூட மாமன் பேர்ல, மச்சான் பேர்ல. நானும் அப்படித்தான். ஆர்டர்ல பேரு பவுன்ராசு, போன் நம்பரு பவுன்ராசோடது, அட்ரசு எங்க ஊரு உரக்கடையோடது. பொருளு மட்டும் எனக்கு. மொக்கச்சாமிங்கிற என் பேரு எங்கயும் வராது. அவனும் சிரிச்சுக்கிட்டே, "சரி மச்சான், கேஸ் வந்தா நான் உள்ள போயிக்கிறேன், நீங்க கறிய அனுப்பி விடுங்க"ன்னான். கறின்னு சொன்னது வெளையாட்டுக்கு சார்.

பார்சல் வந்துச்சு. பொருளு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா உள்ள ஒரு காயிதம். கையால எழுதுனது. "வணக்கம். நாங்கள் முதலில் செய்த ஐம்பதில் இது முப்பத்தொன்றாவது. குறை இருந்தால் தயவுசெய்து கூப்பிடுங்கள்." கீழ போன் நம்பரு. எடுத்த எடுப்புலயே எனக்குச் சுருக்குன்னுச்சு. எந்த யாவாரி சார் குறை இருந்தாக் கூப்புடுன்னு எழுதிக் குடுப்பான்? குறை இருக்குன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு. கவையத் திருப்பிப் பாத்தா அடியில முப்பத்தொண்ணுன்னு பொறிச்சிருக்கு. எதுக்கு நம்பரு? எந்த உண்டிவில்லு எவன் கையில இருக்குன்னு கணக்கு வெக்கத்தான? போலீசு துப்பாக்கிக்கு நம்பரு இருக்கும். உண்டிவில்லுக்கு எதுக்கு?

ஒரு வாரம் போச்சு. ஒருநாக் காலையில காட்டுல... மயிலு வெரட்டிக்கிட்டு இருந்தேன். காது வரைக்கும் இழுத்துட்டேன். இடது பக்கத்துக் கிளிப்பு படார்னு கழண்டு ரப்பரு மணிக்கட்டுல அடிச்சுச்சு. இந்தா, தழும்பு இன்னும் தெரியுது. ரப்பரோட ஒரு நுனி கன்னத்த ஒட்டிப் போச்சு. மயிலு பறந்துருச்சு. அதாவது, பறக்கத்தான வேணும்.

சாயங்காலம் பவுன்ராசு போன வாங்கி அந்த நம்பருக்கு அடிச்சேன். பொண்டாட்டிக்காரிதான் எடுத்துச்சு. கேளுங்க, அந்தம்மா பேசுனத அப்படியே சொல்றேன்.

"வணக்கமுங்க, வல்லூறுங்க. சொல்லுங்ணா."

"கிளிப்பு கழண்டுருச்சும்மா."

"அச்சச்சோ. அடி ஏதும் படலீங்களே?"

கவனிச்சீகளா? ரப்பரு போச்சா, கவை போச்சான்னு கேக்கல. எடுத்ததுமே அடி பட்டுச்சான்னு கேக்குறா. நம்ம ஊர்ல ஒரு மிக்சிய வாங்கிட்டு ஓடலன்னு போய்ச் சொல்லுங்க, "நீ தண்ணி ஊத்திருப்ப"ம்பான். இந்தம்மா பொருள வித்த பெறகும் 'ங்க' போட்டுப் பேசுது. ஒரு 'ங்க' ரெண்டு 'ங்க' இல்ல, மூச்சுக்கு மூச்சு 'ங்க'. எனக்கு உடம்பெல்லாம் உசாராயிருச்சு.

பெறகு கேள்வி. "உங்குளது எத்தனாவது நம்பருங்ணா? கல்லு வெச்சு அடிச்சீங்களா, இரும்புக் குண்டு வெச்சுங்களா? நெஞ்சு வரைக்கும் இழுத்தீங்களா, காது வரைக்கும் இழுத்தீங்களா? எதைப் பாத்து அடிச்சீங்க?"

எதைப் பாத்து அடிச்சேன். முடிஞ்சுச்சு. இது கம்பெனி கேக்குற கேள்வியா சார், பாரஸ்டர் கேக்குற கேள்வியா? நானும் வெவரமான ஆளுதான். டக்குன்னு மாத்திப்புட்டேன்.

"நான் அடிக்கவே இல்லம்மா. வாங்குனதுல இருந்து செவுத்துல ஆணியில தொங்குது. தொங்கும்போதே தானாக் கழண்டு விழுந்துருச்சு."

"தானாவேங்களா?"

"தானா."

"கை படாமயேங்களா?"

"கையே படலம்மா."

பின்னால அந்தப் புருசங்காரன் மிசின நிப்பாட்டுறது கேட்டுச்சு. ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிட்டாக. பெறகு அந்தம்மா, "அண்ணா, அதைய யாரும் தொட்டுப்போட வேண்டாமுங்க. அப்படியே ஒரு டப்பாவுல போட்டு எங்களுக்கு அனுப்பிருங்க. கூரியர்காரரு உங்க வாசலுக்கே வருவாரு. புதுசு செஞ்சு அனுப்பறமுங்க"ன்னுச்சு.

யாரும் தொடக் கூடாது, டப்பாவுல போட்டு அனுப்பணும். எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். ரேகை! சினிமாவுல பாக்குறோமே. சரிம்மான்னு சொல்லி வெச்சுப்புட்டு, பவுன்ராசுகிட்டச் சொன்னேன். "மாப்ள, கோயம்புத்தூர்ல இருந்து இனி யாரு கூப்ட்டாலும் ராங் நம்பர்னு சொல்லு. பேச விடாத. பேச விட்டா வார்த்தையப் புடுங்கிருவாய்ங்க. கட் பண்ணிரு."

"எதுக்கு மச்சான்? அந்தம்மா நல்லாத்தான பேசுது?"

"நல்லாப் பேசுறதுதான்டா வெனையே."

அவன் தலைய ஆட்டுனான். சொன்னாக் கேப்பான் சார். அக்காளக் கட்டிக் குடுத்த நாள்ல இருந்து நான் சொல்லி அவன் மறுத்தது கெடையாது.

கிளிப்ப நானே சரி பண்ணேன். கட்டுக்கம்பி எடுத்து நாலு சுத்துச் சுத்தி, கொறட்டுல முறுக்கி, நுனிய மடக்கி விட்டேன். அவிங்க செஞ்சத விட உறுதி. நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பத்து நாளு மயிலு ஒண்ணும் காட்டுப் பக்கம் வரல.

அதுக்குள்ள அங்க இருந்து போன் மேல போன். பவுன்ராசு சவாரிய முடிச்சிட்டு வந்து சொல்லுவான், "இன்னைக்கி ரெண்டு தடவ மச்சான்." மேல தோட்டத்துல ஆள எறக்கையில ஒரு தடவ, டீ குடிக்கையில ஒரு தடவ. "அண்ணா, ஒரே நிமிசமுங்க"ன்னு தொடங்குமாம், இவன் ராங் நம்பர்னு வெச்சுருவானாம். "பாவமா இருக்கு மச்சான், அழுகுற மாதிரி பேசுது"ன்னான். "அழுவா. அதுக்கும் ட்ரெயினிங் குடுத்துருப்பாய்ங்க"ன்னேன். நெசமாத்தான் சொன்னேன். இப்ப நெனைச்சாலும் அந்த நேரத்துக்கு அது சரியாத்தான் படுது.

பெறகு உரக்கடைக்கு ரிஜிஸ்தர் தபால் வந்துச்சு. பவுன்ராசு பேருக்கு. கடைக்காரரு என்னயக் கூப்ட்டாரு. கவர வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். உள்ள காயிதம், கூட என்னமோ சின்னதா ரெண்டு சாமான். தொட்டா நெருடுச்சு. கையெழுத்துப் போட்டு வாங்குனா நாம வாங்குனதா ஆயிரும்ல? "அப்படி ஆளே இங்க இல்லன்னு எழுதித் திருப்பி விடுங்க"ன்னுட்டேன். தபால்காரரு என்னய ஒரு மாதிரி பாத்தாரு. அவரும் யாரோட ஆளுன்னு யாருக்குத் தெரியும்?

அடுத்த ஞாயித்துக்கெழம பவுன்ராசு வந்தான். ஞாயிறு அவனுக்குச் சவாரி இல்ல. மத்தியானம் சாப்ட்டுட்டுக் காட்டுக்குப் போனோம். எனக்கு அன்னைக்கிக் குறியே சேரல, ரெண்டு தடவ தப்பிருச்சு. அவன் நல்ல குறிகாரன். "கழண்டுச்சே மச்சான், சரி பண்ணிட்டீகளா?"ன்னு கேட்டான். கேட்டான் சார். "யானையக் கட்டி இழுத்தாலும் கழலாது, காது வரைக்கும் இழுத்து அடி"ன்னு நாந்தான் கையில குடுத்தேன்.

இழுத்தான். கண்ணுக்கு நேரா வெச்சுக் குறி பாத்தான்.

சத்தம் கூடப் பெருசா இல்ல. அவன் ஒண்ணும் கத்தல. "மச்சான், என்னமோ பட்டுருச்சு"ன்னு சொல்லிட்டுக் கீழ உக்காந்தான். கைய எடுத்தா வெரலுக்கு நடுவுல ரத்தம். அவனோட ஜீப்ப ஓட்ட எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரன்தான் ஓட்டுனான். மதுரை வர்ற வரைக்கும் நான் அவன் தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஆப்ரேசன் பண்ணி, சின்னதா ஒரு கம்பித் துண்டு எடுத்தோம்னு டாக்டரம்மா சொன்னாக. அது கம்பெனிக் கம்பியா, நான் சுத்துன கம்பியான்னு யாரு கண்டா? கிளிப்புக்குள்ளயும் ஏதாச்சும் கம்பி இருக்கும்ல. இருக்காதா? நீங்களே சொல்லுங்க. ம்... இன்சூரன்சுல இருக்கிற ஆளு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

என் பொண்டாட்டி போதுமணி அழுதுக்கிட்டே தம்பி போன எடுத்து, அந்த நம்பருக்கு அடிச்சுக் கிழிகிழின்னு கிழிச்சுப்புட்டா. "எந்தம்பி கண்ணக் குருடாக்கிட்டீகளேடி, நீங்க வெளங்குவீகளா?"ன்னு. ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பாத்துச்சு. நான் தடுக்கல. எதுக்குத் தடுக்கணும்? கேஸு போடுறோம், பட்டறையப் பூட்டுறோம்னு முடிவு பண்ணோம். எனக்கு வெவரம் தெரியும்ல, நான் சொல்லச் சொல்லத்தான் மனு எழுதுனாக. "முன்னறிவிப்பு எதுவும் செய்யாமல்"னு ஒரு வரி போடச் சொன்னேன். அது இருந்தாத்தான் கேஸு நிக்கும்னு மனு எழுதுன ரைட்டரும் சொன்னாரு.

மறுநாக் காலையில எட்டு மணிக்கு, புருசனும் பொண்டாட்டியும் வந்து நிக்கிறாக சார், வார்டுக்கு முன்னால.

நான் நெனைச்சது வேற ஆளுக. இவுக ரெண்டு பேரும் ஒல்லியா, பஸ்ஸுல ராத்திரியெல்லாம் உக்காந்து வந்த மூஞ்சியோட நிக்கிறாக. அந்தம்மா பேரு கோகிலவாணியாம். அவரு கை நகமெல்லாம் கிரீசு. தூக்குல இட்லி வேற கொண்டாந்திருந்தாக. கேஸு போடுறவுகளுக்கு இட்லி எதுக்குங்குறேன்? நான் தொடல.

அந்தம்மா நேரா பவுன்ராசு கட்டிலுகிட்டப் போயி, அவன் கையப் புடிச்சுக்கிருச்சு. "ஏனுங்ணா, பதினோரு தடவ கூப்புட்டமுங்களே. தபால்ல கூட புது கிளிப்பு ரெண்டு வெச்சு, அதைய எடுத்து அடிச்சுப்போடாதீங்கன்னு எழுதி உட்டமுங்களே. ஆள் இல்லைன்னு திரும்பி வந்துருச்சுங்களே."

"பொய் சொல்லாத!"ன்னு போதுமணி பாஞ்சா. "பதினோரு தடவ கூப்ட்டாளாம்ல!"

அந்தம்மா அவ பக்கம் திரும்பல. பவுன்ராசுகிட்டயே பேசுது. "நீங்கதானுங்க மொத மொத கூப்புட்டுச் சொன்னது, செவுத்துல தொங்கும்போதே தானாக் கழண்டுருச்சுன்னு. அதைய கேட்டு என்ற வூட்டுக்காரரு அன்னைக்குச் சோறே திங்கலீங்க. கை படாமயே கழலுதுன்னா அடிக்கறவிய கதி என்னன்னு, மிச்சமிருந்த கிளிப்ப எல்லாம் ஒண்ணொண்ணா இழுத்து இழுத்துப் பாத்தாருங்க. வார்ப்புலயே கோளாறுங்க. அன்னைக்கே விக்கறத நிப்பாட்டிட்டு, வாங்குன அம்பது பேத்துல நாப்பத்தொம்பது பேத்தப் புடிச்சு மாத்திக் குடுத்துட்டமுங்க. அவிய கண்ணெல்லாம் உங்களாலதானுங்க தப்பிச்சுது. உங்க ஒருத்தர மட்டும் புடிக்க முடியலீங்க."

அந்தப் புருசங்காரரு உண்டிவில்லக் கேட்டாரு. பையில இருந்து எடுத்துக் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. என் கட்டுக்கம்பி அறுந்து தொங்குது. அதத் தொட்டுப் பாத்துட்டு, என்னய ஒரு தடவ பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாமத் திருப்பிக் குடுத்துட்டாரு. ஏன் சொல்லல? எடுத்துக் காட்டி, இது உங்க வேலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்காம விட்டா நான் என்னன்னு எடுத்துக்கிறது?

பவுன்ராசு ஒத்தக் கண்ணால என்னயப் பாத்தான். அந்தச் செவுரு, ஆணிக் கதையெல்லாம் அவனுக்குத் தெரியாது சார். அன்னைக்கி நான் போன வாங்கிக்கிட்டு அங்குட்டுத் தள்ளிப் போயித்தான் பேசுனேன். இப்பத்தான் மொத மொதக் கேக்குறான். சொல்லப் போறான்னு நெனைச்சேன். இந்தா நிக்கிறாரே எங்க மச்சான், கேளுங்கன்னு கையக் காட்டுவான்னு நெனைச்சேன். போதுமணி பக்கத்துலயே நிக்கிறா.

அவன் அந்தம்மாகிட்ட, "ஆமாம்மா, நாந்தான் சொன்னேன்"ன்னான். பெறகு அவுக அக்காகிட்டத் திரும்பி, "அவுக கூப்ட்டது நெசந்தான்க்கா. பதினோரு தடவையும் எடுத்தேன். எனக்குத்தான் திமிரு, ராங் நம்பர்னு வெச்சேன். தபாலயும் நாந்தான் வேணாம்னேன். மனுவக் கிழிச்சுப் போடு"ன்னான்.

போதுமணி அவன் தோளுல அடிச்சு அடிச்சு அழுதா. "ஏன்டா இப்படிப் பண்ண, ஏன்டா இப்படிப் பண்ண"ன்னு. அவன் அடி வாங்கிக்கிட்டே இருந்தான். நான் ஜன்னல் பக்கம் நின்னேன். வாயத் தொறக்கல சார். தொறந்திருக்கலாம். ரெண்டு வார்த்தைதான்.

நாலு நாளாச்சு. மனுவக் கிழிச்சாச்சு. அவுகளும் ஊருக்குப் போயிட்டாக, தெனமும் ரெண்டு வேளை போன் பண்ணிக் கண்ணு எப்படி இருக்குன்னு கேக்குறாக. பவுன்ராசு இப்ப எடுத்துப் பேசுறான். எங்கிட்ட அதப்பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "மச்சான் சாப்ட்டீகளா, மச்சான் காட்டுக்குத் தண்ணி பாச்சியாச்சா" அம்புட்டுத்தான்.

எனக்கு அதான் சார் புடிபடல. எதுக்கு அப்படிச் சொன்னான்? ஒரு மனுசன் கண்ணையும் குடுத்துட்டுப் பழியையும் வாங்கிக்கிருவானா? பின்னால ஏதோ இருக்கணும்ல? பெறகு கேப்பானோ, நெலத்துல பங்கு கேப்பானோ, எல்லாரும் கூடுற எடத்துல வெச்சு நெசத்த உடைப்பானோன்னு எல்லா வழியிலயும் ரோசிச்சுப் பாத்துட்டேன். எதுவும் ஒட்ட மாட்டேங்குது. நீங்க படிச்சவுக, நாலு எடம் பாத்தவுக. என்னவா இருக்கும், சொல்லுங்க.

பின்னால ஒண்ணுமே இல்லங்குறீகளா?

அப்படிச் சொல்லாதீக சார். அதத்தான் நானும் பயந்துக்கிட்டு இருக்கேன். அவன் ஏதாச்சும் கேட்டான்னா குடுத்துட்டுப் போயிருவேன். ஒண்ணுமே கேக்காம அப்படியே இருந்துட்டான்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் முன்னால போயி உக்கார்றது?